புதுப்பேட்டையில் பழைய காருக்கு அசல் சாமான்: விலை எதற்கு, எவ்வளவு

சென்னையில் எழும்பூரை அடுத்து, கூவத்தின் ஓரமாக இருக்கும் புதுப்பேட்டை என்றாலே வண்டிகளை உடைத்துப் பிரித்து விற்கும் கடைகள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கே நடக்கும் வியாபாரத்தின் பெரும்பகுதி இன்று ஓடிக்கொண்டிருக்கும் கார்களின் கதவு, இன்ஜின், கியர்பாக்ஸ், கண்ணாடி ஆகியவற்றைச் சார்ந்தது. ஆனால் 1950களிலும் 60களிலும் வந்த கார்களின் விளக்கு, கடிகாரம், ரேடியோ, வீல் கப், பம்பரின் மேல் செங்குத்தாக நிற்கும் ஓவர்ரைடர், பானெட்டின் பெயர்ப்பட்டை போன்றவற்றைத் தனியாகச் சேர்த்துவைத்திருக்கும் கடைகளும் அந்தச் சந்துகளுக்குள் இருக்கின்றன. என்னிடம் இருப்பது 1960களின் கடைசியில் சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. அதற்கு அசல் சாமான் தேடிப் பல வருடங்களாக அந்தக் கடைகளுக்குப் போய்வருகிறேன். அந்த அனுபவத்தை வைத்து, பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் புதுப்பேட்டை எந்த அளவுக்கு உதவும், அங்கே சொல்லப்படும் விலையை எப்படி எடைபோடுவது என்று எழுதுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் செய்யப்பட்ட பழைய காருக்கு அசல் சாமான் வாங்க, எனக்குத் தெரிந்தவரை, இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அங்கே கடைக்காரர் சொல்லும் விலை பொருளின் அருமையைக் காட்டும் அளவுகோல் அல்ல. பளபளப்பாக இருப்பதற்கும், சீமையில் செய்தது என்று பொறித்திருப்பதற்கும் அவர்கள் கூடுதல் விலை வைக்கிறார்கள். அந்த இரண்டுக்கும் கூடுதலாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து.

இதற்குக் காரணம் இந்த வண்டிகளின் வரலாற்றிலேயே இருக்கிறது. ஹெரால்டு இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ஃப் என்ற பெயரில் வெளிவந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கலோட்டி. சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பக்கம் தொழிற்சாலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் அதே காரை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்து விற்றது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு இருந்த அந்தக் காலத்தில், உதிரிபாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே செய்யவேண்டும் என்று அரசு வற்புறுத்தியதால், ஆண்டு ஏற ஏற உள்ளூர்ப் பாகங்கள் கூடின. விளக்கும் மின்சாரச் சாமான்களும் செய்த லூகாஸ் நிறுவனம் டி.வி.எஸ். குழுமத்தோடு சேர்ந்து சென்னையில் லூகாஸ் டி.வி.எஸ். என்று தொடங்கப்பட்டதும் அதே 1961-இல்தான். ஆகவே 1960களின் பிற்பகுதியில் சென்னைத் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த ஒரு ஹெரால்டில், 'மேட் இன் இந்தியா' என்று பொறித்த லூகாஸ் சாமானே பல இடங்களில் அசலாக இருக்கும். கடைக்காரர் உள்ளே எடுத்துவைத்து, துணியில் சுற்றிக் காட்டும் 'மேட் இன் இங்கிலாந்து' சாமான் அந்த வண்டிக்குச் சேர்ந்ததாக இல்லாமலும் இருக்கலாம். விலையோ இரண்டு மடங்கு சொல்வார்கள்.

இதையே இன்னொரு பக்கமாகவும் பார்க்கவேண்டும். இங்கிலாந்தில் ஹெரால்டு 5 லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது. அங்கே அதற்கு உரிமையாளர் சங்கங்களும், பழைய சாமான் விற்பவர்களும், புதிதாக வார்த்துத் தருபவர்களும் இன்றும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு நாட்டு வண்டிக்கும் பொதுவான ஒரு பாகத்துக்கு ஓர் உச்சவரம்பு தானாகவே உண்டு: அங்கே விற்கும் விலை, தபால் செலவு, சுங்கவரி ஆகிய மூன்றையும் கூட்டினால் வரும் தொகை. புதுப்பேட்டையில் அதற்கு மேல் கேட்டால் பேசாமல் நகர்ந்துவிடலாம். ஆனால் இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்ட பாகங்களுக்கு அப்படி ஒரு வரம்பு கிடையாது. நான்கு கதவு ஹெரால்டு உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை. இந்தியாவில் மட்டுமே 1960களின் பிற்பகுதியில் வந்தது. அதன் பின்கதவுக் கைப்பிடி, கண்ணாடிச் சட்டம், கதவோரப் பீடிங், 'ஸ்டாண்டர்ட்' என்ற எழுத்துப்பட்டை எல்லாம் இங்கே கிடைத்தால்தான் உண்டு. இதற்குப் பின்னால் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரின் பாகங்களும் அப்படியே. வேடிக்கை பார்க்க யாரும் நிற்காத இந்தச் சாமான்கள்தான் இரும்பு எடைக்குப் போட வைத்திருக்கும் குவியலில் கிடக்கின்றன. என்னிடம் உள்ள மிக அரிய பாகங்கள் இரண்டை அப்படிக் காயலான் கடைக் குவியலிலிருந்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்கு எடுத்துவந்தேன். ஆகவே புதிதாகப் போகிறவர்களிடம் நான் சொல்வது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்க்குமுன் தரையில் கிடப்பதைப் பாருங்கள் என்பதுதான்.

இனி ஒரு பொருளைக் கையில் எடுத்து எப்படிப் பார்ப்பது என்பதை, அங்கே அதிகமாக விலைபேசப்படும் கூடுதல் விளக்கை வைத்தே விவரிக்கிறேன். பனிவிளக்கு, தூர விளக்கு என்று பம்பருக்கு முன்னால் பொருத்தும் வட்ட விளக்குகளை அந்தக் காலத்தில் வாங்குபவர் விருப்பத்துக்கு ஏற்பக் கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள். முதலில் விளக்கைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். லூகாஸ் தன் மின்சாரச் சாமான்கள் பலவற்றில் மாடல் எண்ணோடு, செய்த மாதத்தையும் வருடத்தையும் குத்திவைக்கும் வழக்கம் உண்டு. '3 64' என்று குத்தியிருந்தால் 1964 மார்ச் என்று பொருள். வண்டி செய்த தேதிக்குச் சில மாதங்கள் முன்னதாக இந்தத் தேதி இருந்தால் பொருத்தம் மிகச் சரி. வண்டிக்குப் பல வருடம் பிந்தியிருந்தால் அது பிற்காலத்தில் மாற்றியது. குத்திய எழுத்தின் ஓரத்தை நகத்தால் தடவினால் தகடு உள்வாங்கியிருப்பது தெரியும். அந்தப் பள்ளத்துக்குள் பழைய அழுக்கும் கறையும் இருக்கவேண்டும். பள்ளம் மட்டும் புதிதாகப் பளிச்சென்று இருந்து சுற்றிலும் பழையதாக இருந்தால் எண்ணைப் பின்னால் குத்தியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அடுத்தது முன்வளையத்தைக் கழற்றுவது. கழற்ற விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் விளக்கு வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் ரிஃப்ளெக்டர்தான் விளக்கின் விலையைத் தீர்மானிக்கும் உறுப்பு. மிகப் பழைய விளக்குகளில் அது வெள்ளி முலாம் பூசிய பித்தளைத் தகடாக இருக்கும். வெள்ளி கறுத்துப்போயிருந்தால் கவலை வேண்டாம், மறுபடி முலாம் பூசிக்கொள்ளலாம். தகடு நசுங்கியிருந்தாலோ அரித்துத் துளை விழுந்திருந்தாலோதான் விளக்கு வெறும் ஓடு. கறுத்ததைக் கண்டவுடன் பிராஸோ போட்டுத் தேய்த்துக் காட்டும் கடைப் பையன்கள் இருக்கிறார்கள். மெல்லிய வெள்ளிப்பூச்சு அதிலேயே போய், மஞ்சளாகப் பித்தளை எட்டிப்பார்க்கும். விலை பேசுமுன்பே தேய்க்க வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. கண்ணாடியில் வரிவரியாக இருக்கும் செதுக்கல் கூர்மையாக இருக்கிறதா, பெயர் எழுத்து தெளிவாக இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழைய கண்ணாடியை அச்சாக வைத்துப் பின்னாளில் வார்த்த நகலில் அந்த வரிகளின் முனை மழுங்கியிருக்கும். விளக்கு ஒற்றையாக இருக்கிறதா, ஜோடியாக இருக்கிறதா என்பதும் விலையில் பெரிய வேறுபாட்டைத் தரவேண்டும். ஒற்றை விளக்குக்கு நான் ஜோடி விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுப்பேன், ஏனென்றால் அதன் இணை கிடைப்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தக் காரின் பானெட், இரண்டு முன்பக்க மட்கார்டுகளோடும் சேர்ந்து, மொத்தமாக முன்னோக்கிக் கவிழும். அது கவிழும்போது மூக்குப் பகுதி பம்பரை நோக்கி இறங்கும். ஆகவே பம்பரில் உயரமாக நிற்கும் விளக்கோ, மோட்டார் சங்கப் பட்டயங்கள் (உலோக பேட்ஜ்கள்) மாட்டும் குறுக்குக் கம்பியோ இடிக்காத இடத்தில் இருக்கவேண்டும். எவ்வளவு அசலான விளக்காக இருந்தாலும், தாங்கியின் உயரத்தை அளந்து தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் பானெட்டின் பெயின்ட்டுக்குச் சேதம்.

உலோகத்தைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். குரோமியம் பூசிய பழைய சாமான்களின் அடியில் மூன்று வகை உலோகம் இருக்கும். இரும்புத் தகடாக இருந்தால் துருவை அகற்றி, செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்காக மறுபடி பூசலாம். பித்தளையாக இருந்தால் இன்னும் எளிது, எத்தனை முறை வேண்டுமானாலும் மீட்டெடுக்கலாம். சிக்கல் கொடுப்பது துத்தநாகக் கலவையில் அச்சுவார்ப்பாகச் செய்த பாகங்கள். கைப்பிடி, பெயர்ப்பட்டை, விளக்கின் அடிக்கட்டை, பானெட் அலங்காரம் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. மேலே குரோமியத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரிந்தால், கீழே உலோகம் அரித்துக் குழிவிழுந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு குழியையும் சுரண்டி, செம்பால் நிரப்பி, தேய்த்துச் சமமாக்கிய பிறகே பூசமுடியும். அந்த வேலைக்கு ஆகும் கூலி சில சமயம் சாமானின் விலையையே தாண்டிவிடும். ஆகவே கையில் எடுத்ததும் காந்தம் வைத்துப் பார்ப்பேன். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் யாருக்கும் தெரியாத உட்பக்கத்தில் லேசாகக் கீறிப் பார்க்கவேண்டும். மஞ்சள் தெரிந்தால் பித்தளை, சாம்பல் நிறம் தெரிந்தால் துத்தநாகம். கொப்புளம் இல்லாத, ஆனால் மங்கிப்போன துத்தநாகப் பாகத்துக்கு முழு விலை கொடுப்பேன். புதிதாகப் பூசிப் பளபளப்பாக வைத்திருப்பதற்குக் குறைவாகவே கொடுப்பேன், ஏனென்றால் அந்தப் பூச்சுக்கு அடியில் என்ன மூடப்பட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது.

பூச்சு வேலைக்குக் கொடுக்கும்போதும் எச்சரிக்கை தேவை. நகரத்தில் ஒரு பாலிஷ் பட்டறையில் என் நண்பர் கொடுத்த எழுத்துப்பட்டை, சக்கரத்தில் அதிகமாகத் தேய்க்கப்பட்டு, எழுத்துகளின் விளிம்பெல்லாம் உருண்டு, சோப்பில் செதுக்கியது போலத் திரும்பி வந்தது. பூச்சு மிக நன்றாக இருந்தது, எழுத்துதான் போய்விட்டது. அதுமுதல் நாங்கள் கொடுக்குமுன் ஒவ்வொரு விளிம்பையும் படமெடுத்து, விளிம்பைத் தொடாமல் தேய்க்கவேண்டும் என்று எழுதியும் கொடுக்கிறோம்.

அசலா நகலா என்று தெரிந்துகொள்ள, அதிகம் பேர் பார்க்காத ஓர் இடம் திருகாணி. அந்தக் கால பிரிட்டிஷ் மின்சாரச் சாமான்களிலும் மீட்டர்களிலும் சிறு திருகுகள் பி.ஏ. எனப்படும் பழைய பிரிட்டிஷ் அளவில் இருக்கும். இன்று கடையில் கிடைப்பது மெட்ரிக் அளவு. 2 பி.ஏ. திருகு ஏறக்குறைய 4.7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, மெட்ரிக்கில் அதற்கு நெருங்கியது 5 மில்லிமீட்டர். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் நட்டு மற்றதில் சரியாக ஏறாது. ஆகவே ஒரு பழைய 2 பி.ஏ. நட்டும் ஒரு புதிய 5 மில்லிமீட்டர் நட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறேன். 1950களின் விளக்கு என்று சொல்லப்படுவதன் தாங்கியில் மெட்ரிக் நட்டு ஆட்டமில்லாமல் ஏறி, 2 பி.ஏ. நட்டு ஏறாவிட்டால், திருகை மட்டுமாவது மாற்றியிருக்கிறார்கள், அல்லது மொத்தமுமே புதிது.

மீட்டர்களைப் பொறுத்தவரை, புதுப்பேட்டைக் கடைகளில் ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் ஸ்பீடாமீட்டர்கள் பலவும் கிடக்கின்றன. முகப்பு நன்றாக இருக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது. முகப்பின் கீழ்ப்பகுதியில் பொடி எழுத்தில் ஒரு நான்கு இலக்க எண் இருக்கும். ஒரு மைல் ஓடுவதற்குள் உள்ளே வரும் கேபிள் எத்தனை சுற்றுச் சுற்றவேண்டும் என்பதைச் சொல்வது அந்த எண். 1408 என்று போட்ட மீட்டரை, 1152 சுற்று மட்டுமே தரும் கியர்பாக்ஸில் இணைத்தால், வண்டி 60 மைலில் போகும்போது முள் 49-இல் நிற்கும். ஆகவே உங்கள் வண்டியின் பழைய மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதே எண் உள்ளதற்கு மட்டும் முழு விலை கொடுங்கள். மற்றது, முள்ளுக்கும் கண்ணாடிக்கும் வளையத்துக்கும் மட்டும் உதவும் உதிரிச் சாமான். மைல் கணக்கா, கிலோமீட்டரா என்பதையும் உங்கள் வண்டியின் வருடத்தோடு ஒத்துப்பார்க்கவேண்டும். நாடு மெட்ரிக் முறைக்கு மாறிய பிறகு வந்த வண்டியில் மைல் மீட்டரை வைத்து அழகுபார்ப்பது அசலாகாது.

ரேடியோ வாங்குபவர்கள் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கால பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் பாடியில் எர்த்தாக இணைத்திருந்தார்கள். ஃபியட்டில் அப்படி அல்ல. டிரான்ஸிஸ்டர் ரேடியோவைத் தலைகீழாக இணைத்தால் சுவிட்ச் போட்ட நொடியில் கெட்டுவிடும். பெட்டியின் மேல் உள்ள குறிப்புத் தகடு இல்லாத ரேடியோவை நான் தொடுவதில்லை. கடிகாரங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: ஓடினால் வாங்கலாம், ஓடாவிட்டால் பழுதுபார்க்கும் ஆளை முதலில் கண்டுபிடித்துவிட்டு வாங்கவேண்டும்.

மோட்டார் சங்கங்களின் பட்டயங்களுக்கு இப்போது நல்ல கிராக்கி இருக்கிறது. தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கத்தின் பட்டயத்தை மாட்டிய கார்கள் அந்த நாளில் மவுண்ட் ரோட்டில் சாதாரணமாக ஓடின. பழைய பட்டயங்களில் வண்ணம் என்பது உலையில் சுட்ட கண்ணாடி எனாமல். அதை ஊசிமுனையால் ஓரத்தில் அழுத்தினால் ஊசி வழுக்கும். நகலில் இருக்கும் வண்ணப் பிசின் குழிந்துகொடுக்கும். சுட்ட எனாமலில் பொடிப்பொடியாகச் சில்லு பெயர்ந்திருப்பது குறைதான், ஆனால் அதைப் பெயின்ட் வைத்து அடைத்திருப்பது அதைவிடப் பெரிய குறை.

ஜி.பி. ரோடு என்று நாம் சொல்லும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டையும் இதோடு ஒப்பிடவேண்டும். அங்கே கடைகள் துப்புரவாக இருக்கும், பில் கிடைக்கும், பேச்சு மரியாதையாக இருக்கும். அம்பாசடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் புதிதாகச் செய்த உதிரிகளுக்கு நான் அங்கேதான் போகச் சொல்வேன். பழைய கடைகளின் மேல் அடுக்கில், விற்காமல் தங்கிப்போன பழைய சரக்கு, கம்பெனி அட்டைப்பெட்டியோடு சில நேரம் அகப்படும். பெட்டியோடு இருப்பதற்கு நானும் கூடுதல் விலை கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் பெட்டியின் மேல் உள்ள பாக எண் அதே வகையில் இன்னொன்று தேட உதவும். ஆனால் கழற்றிய அசல் சாமானுக்கு ஜி.பி. ரோடு இடமில்லை. இணையத்தில் வாங்குவதைப் பொறுத்தவரை, எடை, திருகு, உட்பக்கம், எழுத்தின் ஆழம் ஆகிய நான்கையும் படத்தில் பார்க்கமுடியாது என்பதே போதுமான காரணம், நான் அதை இரண்டாம் வழியாக வைத்திருப்பதற்கு.

புதுப்பேட்டையின் குறைகளையும் சொல்லவேண்டும். சந்துகள் குறுகலானவை, மழைக்காலத்தில் நடப்பதே சிரமம். வண்டி நிறுத்த இடமில்லை. விலைச்சீட்டு எங்கும் கிடையாது, ஆளைப் பார்த்து விலை சொல்வது வழக்கம். பழைய காரில் போய் இறங்கினால் விலை அங்கேயே ஏறிவிடும், ஆகவே பஸ்ஸிலோ ரயிலிலோ எழும்பூருக்குப் போய் நடப்பது மேல். "பாய், இது எந்த வண்டியில் கழற்றினது?" என்று கேட்டால் நேர்மையான கடைக்காரர் வண்டியின் பெயரையும், வந்த ஊரையும் சொல்வார். பல நேரம் "அதே வண்டியோட இன்னும் ரெண்டு சாமான் உள்ள இருக்கு சார், வந்து பாருங்க" என்று அழைத்தும் போவார். கேள்விக்குப் பதில் சொல்லாமல், பில் கேட்டாலும் மறுக்கும் கடையில் நான் வாங்குவதில்லை. கையால் எழுதிய சீட்டாக இருந்தாலும் போதும், ஆனால் சாமான் வந்த வழி தெரியவேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவாகி 50 வருடம் கடந்த, சாசியிலும் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ் வகையில் பதிவு செய்யலாம். பதிவு எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். விளக்கும் கடிகாரமும் அசலா என்பது இந்தப் பதிவைத் தீர்மானிக்காது. ஆனாலும் கூடுதல் சாமான் பொருத்துவதற்காகப் பாடியில் புதிதாகத் துளையிடுவதை நான் அனுமதிப்பதில்லை. பழைய துளை இருக்கும் இடத்திலோ, இருக்கும் போல்ட்டில் கோத்தோ மாட்ட முடியாத எதையும், எவ்வளவு அரியதாக இருந்தாலும், வாங்கவேண்டியதில்லை. எது எங்கே மாட்டப்பட்டிருந்தது என்பதைப் பார்க்க, கோவை அவிநாசி சாலையில் உள்ள ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய்வருவது நல்லது. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் நடத்தும் கண்காட்சிகளிலும், திருத்தப்படாத வண்டிகளின் உரிமையாளர்கள் பொறுமையாக விளக்கம் சொல்கிறார்கள்.

போகிறவர்கள் காந்தம், சிறு டார்ச், நட்டுகள், அளவுநாடா, தங்கள் வண்டியின் படங்கள் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோகலாம். தேடும் பாகத்தின் படத்தையும் கைப்பேசி எண்ணையும் இரண்டு மூன்று கடைகளில் கொடுத்துவைத்தால், வேலூரிலோ சேலத்திலோ ஒரு பழைய வண்டி கண்டமாகி உடைக்க வரும்போது அவர்களே அழைக்கிறார்கள். என் ஹெரால்டின் இடது பின்கதவுக் கண்ணாடிச் சட்டம் அப்படித்தான் கிடைத்தது. வலது பக்கத்துக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.